விண்டோஸ் 10-க்குப் பிறகு: பழைய கணினிக்கான கோப்பை எடுத்துத் தரும் ஸ்கிரிப்டை அப்படியே விட்டுவிடலாமா?

சுங்கைப் பட்டாணி – விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், செயலியும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். வீட்டிலும் டியூஷன் மையத்திலும் பத்து ஆண்டுகளாக ஓடும் மடிக்கணினிகளுக்கு இது பெரும்பாலும் கிடையாது. நன்றாக ஓடும் கணினியைப் பழைய இரும்புக் கடையில் போட மனமில்லாதவர்கள் லினக்ஸுக்கு மாறலாம். டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் மூன்றுமே இலவசம்.

நிறுவுவதற்கு முதலில் தேவைப்படுவது 'ஐஎஸ்ஓ' கோப்பு. நிறுவல் வட்டின் முழு நகல் என்று அதைச் சொல்லலாம். அதைப் பென்டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து தொடக்க வேண்டும். நம்மில் பலர் இந்தக் கோப்பை டெலிகிராமில் யாரோ பகிர்ந்ததிலிருந்தோ நண்பரின் பென்டிரைவிலிருந்தோ எடுத்துக்கொள்கிறோம். அது ஆபத்து.

2016 பிப்ரவரி 20ஆம் தேதி லினக்ஸ் மின்ட் இணையத்தளத்திற்குள் ஊடுருவியவர்கள், 17.3 சினமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை மாற்றி, திருட்டுவாசல் வைத்த கோப்பு ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து எடுத்தவர்களே அன்று ஏமாந்தார்கள். டெலிகிராம் கோப்புக்கு யார் உத்தரவாதம்?

ஒரு தோட்டத்துப் பிள்ளைகளுக்காகப் பத்துக் கணினிகளைத் திருத்திக் கொடுக்கும் இளைஞர் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கையால் தேடி எடுப்பதற்குப் பதில், அவர்கள் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி வைக்கலாம். ஸ்கிரிப்ட் என்பது கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய சாதாரண எழுத்துக் கோப்பு. அதிகாரப்பூர்வச் சேவையகத்திற்குப் போ, புதிய பதிப்பை எடு, சரிபார் என்று பத்துப் பதினைந்து வரிகள் போதும்.

எழுதி முடித்தால் வேலை தீர்ந்தது என்று நினைப்பதுதான் தவறு. டெபியன் 13.1 வெளிவந்தது 2025 செப்டம்பரில். நவம்பரில் 13.2 வந்துவிட்டது. புதியது வந்ததும் பழைய கோப்பு காப்பகத்திற்குப் போய்விடும். ஸ்கிரிப்டில் '13.1' என்று எழுதி வைத்திருந்தால், அந்த முகவரியில் இப்போது ஒன்றும் இருக்காது. இதைவிட மோசம், சில ஸ்கிரிப்டுகள் "பக்கம் கிடைக்கவில்லை" என்ற அறிவிப்பையே ஐஎஸ்ஓ என்ற பெயரில் சேமித்துவிடும். கோப்பு சில கிலோபைட் அளவில் இருந்தால் காரணம் இதுதான்.

பதிப்பு எண்ணை எழுதாமலேயே சமாளிக்கலாம். டெபியனும் உபுண்டுவும் கோப்பு இருக்கும் அதே இடத்தில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலையும் வைக்கின்றன. கோப்பின் பெயரும், அதற்குரிய 64 எழுத்துச் சரிபார்ப்பு எண்ணும் அதில் இருக்கும். ஸ்கிரிப்ட் முதலில் இந்தப் பட்டியலை எடுத்து, அதிலிருந்து பெயரைப் படித்துக்கொண்டால் புதிய பதிப்பு வரும்போதும் வேலை செய்யும். ஐஎஸ்ஓவில் ஓர் எழுத்து மாறினாலும் எண் பொருந்தாது. ஆனால் மின்ட் சம்பவத்தை மறக்கக்கூடாது. தளத்தையே மாற்றியவனால் அந்த எண்ணையும் மாற்ற முடியும். அதனால் பட்டியலுக்குரிய டிஜிட்டல் கையொப்பத்தையும் ஸ்கிரிப்ட் சோதிக்க வேண்டும். பலர் தவிர்க்கும் படி இது, நான் விடவே கூடாது என்பேன்.

"எப்போதும் புதியதை எடு" என்ற கட்டளையிலும் ஒரு பொறி உண்டு. டெபியன் 13 பழைய 32-பிட் கணினிகளுக்கு நிறுவல் கோப்பு தருவதில்லை. கையில் இருப்பது அவ்வளவு பழைய கணினி என்றால், காப்பகத்தில் உள்ள 12ஆம் பதிப்பை எடுக்கும்படி ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டும்.

விண்டோஸ் கோப்புக்கும் இப்படி ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. பென்டிரைவில் எழுத உதவும் 'ரூஃபஸ்' மென்பொருளை உருவாக்கிய பீட் படார்ட், 'ஃபிடோ' என்ற பெயரில் எழுதியது. மைக்ரோசாஃப்ட் தரும் இணைப்பு 24 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். அதனால் ஃபிடோ ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு வாங்குகிறது. மைக்ரோசாஃப்ட் தன் பக்கத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைத் திருத்த வேண்டியிருக்கிறது. கோப்பு இலவசம் என்றாலும் உரிமம் தனி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்களுக்கு 6 ஜிபி அளவுள்ள உபுண்டு கோப்பு பெரும் சுமை. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால், பாதியில் லைன் போனாலும் டேட்டா வீணாகாது. டெபியனின் சிறிய நிறுவல் கோப்பு 1 ஜிபிக்கும் குறைவு, மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். டெபியனைத் தமிழிலேயே நிறுவலாம். வரைகலை நிறுவலைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே மொழிப் பட்டியலில் தமிழ் வரும்.