எந்த ‘இன்று’?

2012 அக்டோபர் கடைசியில் புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழிலதிபர் ஒருவரை போலீஸ் கைது செய்தது. அப்போதைய மத்திய நிதியமைச்சர் ப.சிதம்பரத்தின் மகன் கார்த்தியைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதுதான் விஷயம். அப்போது அவரை ட்விட்டரில் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். டீக்கடை பெஞ்சில் சொல்லியிருந்தால்கூட இன்னும் நாலு காதுக்குக் கூடுதலாக எட்டியிருக்கும். புகார் போய், கைது நடந்த பிறகுதான் அந்த வரியை நாடே படித்தது. அவர்மீது பாய்ந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது தனிக்கதை.

நம் பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் நம்மைப் பின்தொடர்கிறவர்களின் எண்ணிக்கைக்கும் பெரிய சம்பந்தமில்லை. ட்விட்டர், அதாவது இன்றைய எக்ஸ், நடுத்தெரு. பேசினால் போகிறவர் வருகிறவர் எல்லோர் காதிலும் விழலாம். ஃபேஸ்புக்கில் ‘நண்பர்கள் மட்டும்’ என்று பூட்டிய பதிவை நண்பர் ஷேர் செய்தாலும் வெளியாள் பார்க்க முடியாது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டால் அந்தப் பூட்டுக்கு வேலையில்லை. ரீல்ஸில் ஊர்பேர் தெரியாதவர் திரையிலும் நம் முகம் வந்து நிற்கும்.

வாட்ஸ்அப்தான் விசித்திரம். அங்கே செய்தி போய்க்கொண்டே இருக்கும்; அனுப்பியவர் பெயர் முதல் திருப்பத்திலேயே உதிர்ந்துவிடும்.

சில வருஷங்களுக்கு முன் சித்தப்பாவின் ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. ‘அவசரம், இன்று மாலைக்குள்’ என்று என் போன் நம்பரோடு குடும்ப குரூப்பில் போட்டேன். மொத்தம் நாற்பது பேர். சாயங்காலத்துக்குள் ரத்தம் கிடைத்தது. சித்தப்பா பத்தாம் நாள் வீட்டுக்கு வந்து, ரசம் சரியில்லை என்று சண்டை போட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு போன்: “சார், பஸ் ஏறிட்டேன். எந்த வார்டு?” திருநெல்வேலியிலிருந்து பேசினார், முன்பின் தெரியாத பையன். பாதி வழியில் இறங்கச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அப்புறம் அதே செய்தி எனக்கே வந்தது, இரட்டை அம்புக்குறியோடு. குறைந்தது ஐந்து கை மாறியிருக்கிறது என்று அர்த்தம். குழந்தை கடத்தல் வதந்திகளால் உயிர்கள் பறிபோன 2018-ல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புகளுக்கோதான் ஃபார்வர்டு செய்யலாம் என்று வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. 2020 ஏப்ரல் முதல் இரட்டை அம்புக்குறிச் செய்திகளை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்ப முடியும். வேகம் குறைந்தது, ஆயுசு குறையவில்லை. குரூப்பில் போட்டதைப் போட்ட கையோடு என்றால் அழித்திருக்கலாம். கை மாறிப் போன பிரதிகளை எங்கே போய்த் தேடுவது?

நான் செய்த தப்பு ஒரே வார்த்தை: இன்று. படிக்கிற ஒவ்வொருவருக்கும் அது அவரவருடைய இன்றுதான். ரத்தம் கேட்டு அடுத்த முறை செய்தி அனுப்பும்போது, தயவுசெய்து தேதியைப் போடுங்கள்.