பால்மரத்தில் விழும் பனி

குளிர் நாடுகளில் இளவேனில் பிறந்து, பழமரங்கள் பூத்துக் குலுங்கும் வேளையில் திடீரென்று பனி கொட்டிவிடுவதுண்டு. பூக்கள் கருகிவிடும், அந்த ஆண்டு விளைச்சலும் அத்தோடு போகும். தமிழ்நாட்டு நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் விழும் உறைபனி தேயிலைக் கொழுந்தைப் பொசுக்கிவிடுகிறது. உறைபனியே விழாத நம் பேராவில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கிறீர்களா? நமக்கும் ஒரு பனி உண்டு. அது பால்மரத்தில் விழுகிறது.

பால்மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பது நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று என்று கருதப்படும் முதிய மரம் அவ்வூரில் இன்றும் நிற்கிறது. ஊர் மாறினாலும் மரம் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, மழை குறையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், தன் இலைகளையெல்லாம் உதிர்த்துவிடுகிறது.

நம் முன்னோர் மாசி, பங்குனி இரண்டையும் பின்பனிக் காலம் என்றார்கள். கடல் கடந்து வந்த பிறகு, அதே மாதங்களில் இலை உதிர்வதைத்தான் கண்டார்கள். காலடியில் சருகு நொறுங்கும்; நிழலாக இருந்த நிறைகளில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சில வாரங்களில் செம்பு நிறத்தில் தளிர் எட்டிப் பார்க்கும். பிறகு அது இளம்பச்சையாகும், பூவும் வரும்.

அந்தத் தளிர்ப் பருவம்தான் ஆபத்தானது. இரவில் குளிர், விடியலில் மூடுபனி, இடையிடையே தூறல் என்று வானம் மாறி மாறி விளையாடினால், ஓய்டியம் என்னும் பூஞ்சணம் இளந்தளிரைப் பற்றிக்கொள்கிறது. இலைமேல் வெள்ளை மாவு தூவியது போலப் படியும். தளிர் சுருங்கி, கறுத்து, உதிர்ந்துவிடும். 1918இல் ஜாவாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நோய் இது. காற்றிலேயே பரவும். விடியற்காலையில் கந்தகத் தூளைக் காற்றில் தூவி இதைத் தடுப்பது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம்.

பால்மரம் இலை விடுவது சேமித்து வைத்த உணவைக் கொண்டுதான். முதல் தளிர் உதிர்ந்தால், மீண்டும் தளிர்விட மேலும் சேமிப்பைச் செலவழிக்க வேண்டும். எனவே பால் இன்னும் குறைகிறது. இலையுதிர் காலத்தில் மங்கில் கால்வாசியும் நிறையாததன் காரணம் இதுவே. அந்த நேரத்தில் மரத்தை வருத்தி வெட்டாமல் ஓய்வு கொடுப்பதே நல்லது.

ஆனால் மரம் ஓய்வெடுத்தால் அடுப்பு எரிய வேண்டுமே! பாலின் எடையைப் பார்த்துக் கூலி கொடுத்த காலத்தில் இந்த மாதங்கள் லயத்து வீடுகளில் கடன் மாதங்களாக இருந்தன. ஏப்ரலில் அடுத்த சோதனை வரும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்நாள்களில் பிற்பகலில் இடியும் மழையும் அடிக்கடி வரும். பட்டை ஈரமானால் பால் கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும். மங்கில் சேர்ந்த பாலும் மழைநீரில் கலந்து வீணாகும். விடிவதற்கு முன் எழுந்த உழைப்பு அப்படியே கரைந்துபோகும்.

இன்று பேராவின் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனையாக மாறிவிட்டன. பலர் ஈப்போவிலும் மற்றப் பட்டணங்களிலும் குடியேறிவிட்டார்கள். ஆனாலும் சிறுதோட்டக்காரர்கள் இன்றும் மரம் வெட்டுகிறார்கள். அவர்களுக்கு மாசி இன்னும் கையிறுக்கமான மாதம்தான்.

பெற்றோர்களே, பால்மரத்திடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. இலை இருக்கும் மாதங்களில் அது சேர்த்து வைக்கிறது. இலை இல்லாத மாதங்களில் அதைக் கொண்டு தளிர்க்கிறது. பால் நன்றாக வரும் மாதத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு மாசியில் கடன் தேட வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் ஒரு செம்புத் தளிரைக் காட்டி இதைச் சொல்லுங்கள்; புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாக மனத்தில் நிற்கும்.