மூலையில் வைத்த ஸ்பீக்கர் ஏன் முழங்குகிறது?

பழைய மரப்பெட்டி ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி முழங்கும், பாட்டின் சொற்கள் அமுங்கும். ஏன்?

50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். அது பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவும். பின்சுவரில் பட்டுத் திரும்பி நேர் ஒலியோடு சேர்வதால் 6 டெசிபல் வரை கூடும். மூலையில் இன்னும் அதிகம். 5,000 ஹெர்ட்ஸுக்கோ அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான். அது பெரும்பாலும் முன்பக்கமே பாய்வதால், சுவரால் அவ்வளவு கூடாது; அதனால்தான் சொற்கள் அமுங்குகின்றன.

எப்படிச் சரிசெய்வது? பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுங்கள். உயர் ஒலி தரும் ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்தில் இருக்கட்டும்.

அப்போதும் பேஸ் கரகரத்தால் கூம்பின் விளிம்பைப் பாருங்கள். அங்குள்ள வளையம் பாலியூரித்தேன் ஃபோமாக இருந்தால், கடலோர ஈரக்காற்றில் நாளடைவில் சிதையும். விரல் பட்டாலே பொடியாக உதிரும். கூம்பு நன்றாக இருந்தால், புது வளையம் ஒட்டினாலே போதும். உயர் ஒலி மங்கியிருந்தால், ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் வறண்டுபோன எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரை அதே மதிப்பில் மாற்றுங்கள்.