உலகம் சிரித்தது, இல்லம் அழுதது

பிறரைச் சிரிக்கவைப்போர் தம் இல்லத்திலும் மகிழ்ச்சியோடு வாழ்வர் என எண்ணுவது நம் இயல்பு. தொல்காப்பியரோ மெய்ப்பாடுகளை எண்ணுமிடத்து நகையை முதலில் வைத்து, அழுகையை அதற்கு அடுத்து நிறுத்தினார். இவ்விரண்டும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளிற் குடியிருத்தல் கூடும் என்பதற்கு ஆங்கில நகைச்சுவை நடிகர் பீற்றர் செல்லர்ஸின் வாழ்வு சான்றாகும். றொஜர் லூயிஸ் எழுதிய வரலாற்று நூலைத் தழுவி, ஸ்ரீவன் ஹொப்கின்ஸ் இயக்கி, 2004ஆம் ஆண்டில் வெளிவந்த 'பீற்றர் செல்லர்ஸின் வாழ்வும் மரணமும்' என்னும் படம் அவ்வாழ்வை நம் கண்முன் நிறுத்துகின்றது.

செல்லர்ஸ் 1925ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுத்ஸீ என்னுமிடத்தில், மேடைக் கலைஞர் குடும்பமொன்றிற் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் றிச்சட் ஹென்றி. ஆயினும், பிறக்கும்போதே இறந்துபோன தமையனின் பெயராலேயே அவர் அழைக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப் படைக் கலைக்குழுவோடு இந்தியா, பர்மா, நமது இலங்கை ஆகிய நாடுகளுக்கும் வந்து சென்றார். 1951 முதல் 1960 வரை பி.பி.ஸி. வானொலியின் 'கூன் ஷோ' நிகழ்ச்சி அவரது குரலை வீடுதோறும் கொண்டு சென்றது. 'டொக்டர் ஸ்ரேஞ்ச்லவ்' படத்தில் மூன்று வேடங்களைத் தாமே தாங்கினார். 'பிங்க் பாந்தர்' படங்களில் வரும் இன்ஸ்பெக்டர் குளூஸோவை அறியாதார் யார்? நகை பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் பேதைமையும் ஒன்றென்பர். தம் பேதைமையைத் தாமே அறியாது, தலைநிமிர்ந்து நடக்கும் அந்த இன்ஸ்பெக்டர் அதற்கு நல்ல உதாரணமாவார்.

இனி இல்லத்தைக் காண்போம். தந்தையின் காரில் ஏற்பட்ட கீறலை நிறம்பூசி மறைக்க முயல்கிறான் சிறுவன். சினங்கொண்ட தந்தை அவனது விளையாட்டுப் பொருட்களை நொறுக்குகிறார். படத்தில் நம் நெஞ்சை விட்டகலாத காட்சி இது. முதல் மனைவி ஆன் பிரிந்து செல்கிறார். 1964ஆம் ஆண்டில், சந்தித்த சில நாட்களுள்ளேயே நடிகை பிரிட் எக்லண்டை மணக்கிறார். அவ்வாண்டிலேயே மாரடைப்பு அவரை மரணத்தின் வாயில்வரை கொண்டு செல்கிறது. அந்த இல்லறமும் 1968இல் முறிந்தது.

செல்லர்ஸாக நடிக்கும் ஜெப்ரி றஷ், இடையிடையே அவருடைய தாயாகவும் தந்தையாகவும் மனைவியாகவும் வேடம் மாறி நம்மோடு பேசுகிறார். தமக்கென ஒரு 'நான்' இல்லை, வேடங்களே உண்டு எனச் செல்லர்ஸ் பலமுறை கூறியதுண்டு. அக்கூற்றைக் காட்சியாக்கிய இவ்வுத்தி நயமானதே. ஆயினும் எமக்கு இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. துன்புற்ற மனைவியின் சொல்லையும் துன்புறுத்தியவர் வாயாலேயே கேட்பது நீதியாகுமா? 'நான் இல்லை' என்பவருக்குப் பொறுப்பும் இல்லையென்று ஆகிவிடாதன்றோ? உடைந்த விளையாட்டுப் பொருளின் முன் நின்ற பிள்ளைக்குத் தந்தை ஒரு வேடமல்லர், தந்தையே.

எனினும் படம் அவரை வெறுக்குமாறு நம்மைத் தூண்டவில்லை. 1979இல் வெளிவந்த 'பீயிங் தெயர்' படத்தில் எழுத்தறியாத தோட்டக்காரராக, ஆரவாரமின்றி நடித்து அவர் எய்திய உயர்வையும் அது மதிக்கிறது. மறு ஆண்டு ஜூலை 24ஆம் நாள், 54 வயதில், மாரடைப்பினால் அவர் காலமானார். பெருஞ்செல்வம் விட்டுச் சென்றவரின் பிள்ளைகளுக்கு அவரது மரணசாசனப்படி கிடைத்தது தலைக்கு 800 பவுண் மாத்திரமே.

கலைஞனின் குறைக்காகக் கலையைத் தள்ளவேண்டியதில்லை. கலைக்காகக் குறையை மறைக்கவும் வேண்டியதில்லை. இரண்டையும் ஒருங்கே நோக்கும் பக்குவத்தை மாணவர்கள் இத்தகைய படங்களாற் பெறலாம். பெற்றோர்க்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. வெளியிலே நாம் ஈட்டும் நற்பெயரை உலகம் சில காலமே நினைவிற்கொள்ளும். வீட்டிலே நாம் காட்டிய முகத்தையோ பிள்ளைகள் தம் வாழ்நாள் முழுதும் நினைந்திருப்பர்.