தாடையோரம் மூன்று கோடு

ஃபவுண்டேஷனைப் புறங்கையில் தடவி நிறம் பார்ப்பது வீண். வெயில் பட்ட புறங்கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடையோரம் மூன்று கோடு இழுத்து, கடையின் டியூப்லைட்டை விட்டு வாசல் வெளிச்சத்துக்கு வர வேண்டும். கழுத்து நிறத்தோடு கரைந்து காணாமல் போகும் கோடுதான் பொருத்தம். அதற்காக உடனே பில் போட்டுவிடக் கூடாது. முகத்து எண்ணெயோடு சேர்ந்து சில பூச்சுகள் சற்று நேரத்தில் கறுக்கும். ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள் சாயம் வெளுத்துவிடும்!

பிளஷில் மாநிறத்துக்கு வெளிர் ரோஸ் ஆகாது. அதிலுள்ள டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி கன்னத்தில் சாம்பல் பூக்கவைக்கும். செங்கல் சிவப்பு எடுபடும். ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்து வியர்வையில் பவுடர் பிளஷ் திட்டுத்திட்டாகும். கிரீம் பிளஷை விரலால் ஒற்றி, மேலே லேசாகப் பவுடர் போட்டால் நிற்கும். எதுவானாலும் முதலில் முழங்கை உட்புறம் தடவி, அரிப்பு வருகிறதா என்று ஒருநாள் பார்க்க வேண்டும்.