உறைந்த இதயம், உறைந்த கால்கள்

1992-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவைத்திருந்த பிற்பகல் நேரத்தில், விளம்பரங்கள் நீங்கலாக இருபத்திரண்டு நிமிஷம் ஓடுகிற ஒரு கார்ட்டூன் கதை ஒளிபரப்பாயிற்று. இரண்டு நாளைக்கு முன்புதான் ஆரம்பமாகியிருந்த 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்' என்னும் தொடரின் ஓர் அத்தியாயம் அது, 'ஹார்ட் ஆஃப் ஐஸ்', அதாவது பனிக்கட்டி இதயம், என்பது அதன் பெயர். எழுதியவர் பால் டினி. இயக்கியவர் புரூஸ் டிம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்ட பின்னும், அந்தத் தொடரின் 85 அத்தியாயங்களில் சிரேஷ்டமானது எது என்ற பேச்சு ரசிகர்களிடையே எப்போது எழுந்தாலும், வாய்க்கு முதலில் வருகிற இரண்டு மூன்று பெயர்களுள் இது கட்டாயம் இருக்கும். கவனிக்கத்தக்கது என்னவென்றால், இதை உயர்ந்தது என்று ஒப்புக்கொள்கிறவர்கள்கூட, அது ஏன் உயர்ந்தது என்று சொல்லப் புகும்போது ஒருவரோடொருவர் ஒத்துப்போவதில்லை.

அந்தப் பூசல் விளங்கவேண்டுமானால், இக்கதையின் வில்லன் அதற்கு முன்பு எந்த நிலையில் கிடந்தான் என்பது தெரியவேண்டும். 1959-இல் பேட்மேன் காமிக்ஸில் 'மிஸ்டர் ஜீரோ' என்ற பெயரோடு தலைகாட்டியவன் அவன். குளிர்ச்சியிலே அன்றி உயிர்தரிக்க இயலாத, உறையவைக்கும் துப்பாக்கியால் வைரங்களைக் கொள்ளையடிக்கிற ஒரு சில்லறைத் திருடன் என்பதற்கு மேல் அவனிடம் விசேஷம் ஒன்றும் இல்லை. 1966-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் அவனுக்கு 'மிஸ்டர் ஃப்ரீஸ்' என்று பெயர் மாறிற்று. ஜார்ஜ் சாண்டர்ஸ், ஓட்டோ பிரெமிங்கர், எலி வாலக் என்று மூன்று பேர் மாறிமாறி அந்த வேஷத்தைக் கட்டினார்கள் என்பதிலிருந்தே, ஆள் யார் என்பதைவிட அவன் போட்டிருந்த உடுப்பே முக்கியமாகக் கருதப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம். இப்படி ஒருவரும் சீந்தாமல் கிடந்த ஒரு பாத்திரத்தை எடுத்து, அதற்கு விக்டர் ஃப்ரைஸ் என்று ஒரு பெயரையும், நோரா என்று ஒரு மனைவியையும், அவளுக்குத் தீராத ஒரு நோயையும் கொடுத்தார் டினி. அவ்வளவுதான் அவர் செய்த மாற்றம்.

கதை சுருக்கமானது. மருத்துவம் முன்னேறுகிற காலம்வரை நோராவைக் குளிர்ப்பேழை ஒன்றில் உறையவைத்துக் காப்பாற்ற முயல்கிறான் விஞ்ஞானியான ஃப்ரைஸ். அவன் வேலைசெய்கிற காத்கார்ப் கம்பெனியின் தலைவன் ஃபெரிஸ் பாயில், செலவு ஏறுகிறது என்று சொல்லிக் காவலாட்களோடு வந்து அந்த யந்திரத்தை நிறுத்தச் சொல்கிறான். தடுக்க வந்த ஃப்ரைஸை நயமாகப் பேசி அமர்த்துவதுபோல் அமர்த்தி, காலால் உதைத்து ரசாயனங்களின்மீது தள்ளிவிடுகிறான். பிழைத்தெழுந்தவன் பனிக்கு வெளியே வாழமுடியாதவனாகிவிடுகிறான். காத்கார்ப்பின் கிடங்குகளில் ஒவ்வொரு பாகமாகத் திருடி, பிரம்மாண்டமான ஓர் உறைபனிப் பீரங்கியைச் சேர்த்துக்கொண்டு, பாயிலுக்கு மனிதாபிமானி என்று விருது வழங்குகிற இரவில் பழிவாங்கப் புறப்படுகிறான். நடந்தது அனைத்தையும் பதிவுசெய்திருந்த வீடியோ நாடா ஒன்று பேட்மேன் கையில் சிக்குகிறது. அதைப் பார்த்து முடிக்கிற கணத்திலிருந்து, தான் துரத்துகிறவன்மீது அவனுக்கே பரிதாபம் பிறந்துவிடுகிறது.

ரசிகர்களில் பெரும்பாலோர் புகழ்வது இந்தச் சோகத்தைத்தான். சோகக் கதைகளுக்கு உலகத்தில் பஞ்சமில்லையே, இது மட்டும் ஏன் நெஞ்சில் தங்கிற்று என்று கேட்டால், பதிலைக் கதையில் தேடுவதைக் காட்டிலும் குரலில் தேடுவது பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஃப்ரீஸுக்குக் குரல் கொடுத்த மைக்கேல் அன்சாரா, 'ஸ்டார் டிரெக்' தொடரில் காங் என்னும் கிளிங்கான் தளபதியாகக் கர்ஜித்துப் பிரசித்தி பெற்றவர். அதே மனிதர் இங்கே ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், மரண விசாரணை அறிக்கையை வாசிக்கிறவரைப் போலப் பேசுகிறார். அழவேண்டிய வாக்கியத்தை அழாமல் சொல்கிறார். அழுகிற வேலை கேட்கிறவன் தலையில் விழுந்துவிடுகிறது. இந்தக் குரலோடு, மைக் மிக்னோலா வரைந்துகொடுத்த உருவமும் சேர்ந்துகொண்டது. கண்ணாடிக் கவசத்துக்குள் ஒரு மொட்டைத் தலை, கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு சிவப்பு வட்டங்கள். முகத்தைப் பார்த்து மனத்தை அறியலாம் என்ற வசதியே பார்வையாளனுக்கு இல்லை. எரிக் ராடோம்ஸ்கி ஏற்படுத்திய வழக்கப்படி இத்தொடரின் பின்னணிகளைக் கறுப்புக் காகிதத்தின்மேல் தீட்டினார்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்தைச் சிறிதுசிறிதாகச் சுரண்டி எடுப்பது போன்ற முறை அது. பனியின் நீலமும் வெள்ளையும் அந்தக் கறுப்பின்மேல் விழும்போது, திரையைப் பார்க்கிறவனுக்கே கை சில்லிட்டுப் போகிறது.

இன்னொரு சிறு பொருளைச் சொல்லாமல் விடமுடியாது. கண்ணாடிக் குமிழிக்குள் பனித்துகள்கள் மிதக்க, நடுவே நடனமாடுகிற பெண்ணின் பொம்மை ஒன்று சுழல்கிற ஒரு விளையாட்டுச் சாமான் அது. கதை அதில் தொடங்கி, ஆர்க்கம் சிறைக்கூடத்தில் அதே பொம்மையைக் கையில் ஏந்தி அவன் மனைவியிடம் மன்னிப்பு யாசிப்பதில் முடிகிறது. நோரா இறந்துவிட்டாளா, இருக்கிறாளா என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்ட அந்த இடைவெளியே, 1994-இல் வந்த 'டீப் ஃப்ரீஸ்' அத்தியாயத்தில் அவள் பேழைக்குள் உயிரோடு இருப்பதாகக் கதையை நீட்டிக்கொள்ளவும் உதவிற்று.

இனி, பூசலுக்கு வருவோம். ரசிகர்களில் ஒரு சாரார், இதில் வில்லன் என்றால் பாயில்தான், ஃப்ரீஸ் செய்தது நியாயம், பேட்மேன் குறுக்கே வந்ததே அநியாயம் என்று வாதிப்பார்கள். பாயிலை இடுப்புவரை பனியில் உறையவைக்கிற கட்டத்தில், இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்து பேட்மேன் வந்திருக்கலாமே என்று நினைக்காதவர்கள் குறைவு. நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் அத்தியாயத்தின் முற்பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. கொள்ளை நடக்கிற இடத்தில் பேட்மேனைக் குறிவைத்துப் பாய்ந்த பனிக்கதிர், ஃப்ரீஸின் சொந்தக் கையாள் ஒருவன் கால்களில் பட்டு, அவன் நின்ற இடத்திலேயே உறைந்துபோகிறான். கூட்டாளிகள் தயங்குகிறார்கள், எஜமான் தயங்கவில்லை, அவனை அங்கேயே விட்டுவிட்டு வண்டியேறிப் போகிறான். அந்த மனிதனைத் தூக்கிக்கொண்டுபோய், கால்களை மீட்க முயல்வது பேட்மேன். முதன்முறை பார்த்தபோது இந்தக் காட்சி என் மனத்தில் நிற்கவே இல்லை. இரண்டாம் முறை பார்க்கையில்தான், செலவுக் கணக்கைக் காட்டி ஓர் உயிரைக் கைவிட்ட பாயிலும், தாமதத்துக்கு அஞ்சி ஓர் உயிரைக் கைவிட்ட ஃப்ரீஸும் ஒரே தராசில் நிறுத்தப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. கதாசிரியர் கணக்கைச் சரியாகத்தான் எழுதிவைத்திருக்கிறார். கண்ணீர் மறைக்கிற அவசரத்தில் நாம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

எதிர்த்தரப்பின் ஆட்சேபம் வேறு வகையானது, அதற்குக் கனமும் அதிகம். நோரா ஒரு வார்த்தையாவது பேசுகிறாளா என்று அவர்கள் கேட்கிறார்கள். 1999-இல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளராகப் புகழடைந்த கெய்ல் சிமோன், கதாநாயகனுக்கு ஆத்திரம் மூட்டுவதற்காகவே கொல்லப்படுகிற, ஊனப்படுத்தப்படுகிற பெண் பாத்திரங்களுக்கு ஒரு ஜாபிதா தயாரித்தார். 'கிரீன் லான்டர்ன்' காமிக்ஸ் ஒன்றில் நாயகனின் காதலி குளிர்பெட்டிக்குள் பிணமாகக் கிடந்ததை வைத்து, 'குளிர்பெட்டியில் பெண்கள்' என்று அதற்குப் பெயரிட்டார். மற்றக் கதைகளில் உருவகமாக நிற்கிற அந்தக் குற்றச்சாட்டு, நோராவின் விஷயத்தில் அட்சரத்துக்கு அட்சரம் பொருந்திவிடுகிறது. அவள் இருப்பதே குளிர்ப்பெட்டிக்குள்தான். ஆட்சேபம் உண்மையென்றே கொள்கிறேன். எனினும் ஃப்ரைஸ் பூஜிப்பது மனைவியையா, அல்லது கண்ணாடிக்குள் அசையாமல் நின்று, திருப்பிப் பேசாத ஒரு பொம்மையையா என்ற கேள்வியை அந்த நடனப் பதுமையைக் கொண்டு கதையே எழுப்பிவிடுகிறதென்றும் தோன்றுகிறது. வேண்டுமென்று எழுப்பிற்றா, தற்செயலா என்பது அவரவர் வாசிப்பு.

மூன்றாவதாக ஒரு சில்லறைச் சண்டையும் உண்டு. இந்த அத்தியாயம் முழுவதும் பேட்மேனுக்கு ஜலதோஷம். தும்முகிறான், மூக்கடைத்துப் பேசுகிறான். வீட்டுப் பரிசாரகர் ஆல்ஃபிரட் கோழி சூப்பைப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தனுப்புகிறார். கடைசிச் சண்டையில், வேறு ஆயுதம் கைக்கு அகப்படாதபோது, அந்தக் கொதிக்கும் சூப்பையே ஃப்ரீஸின் கண்ணாடிக் கவசத்தின்மேல் வீச, உஷ்ணம் தாங்காமல் அது விரிசல் விட்டு உடைகிறது. இத்தனை பெரிய சோகத்துக்கு இத்தனை அற்பமான முடிவா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். கவனித்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறவனுக்கும், அப்படி ஒருத்தி இருந்து பறிகொடுத்தவனுக்கும் இடையே நடக்கிற போர் இது என்று பார்த்தால், சூப்பைவிடப் பொருத்தமான ஆயுதம் எது என்று எனக்குத் தெரியவில்லை. பாயிலுக்குக் குரல் கொடுத்தவர் 'ஸ்டார் வார்ஸ்' புகழ் மார்க் ஹாமில் என்பதும், அதே தொடரில் பிற்பாடு ஜோக்கராகச் சிரித்தவர் அவரே என்பதும் இங்கே கொசுறு.

1993-இல் அனிமேஷன் எழுத்துக்கான பகல்நேர எம்மி விருது இத்தொடருக்குக் கிடைத்தது. கிடைத்ததற்கு முதல் காரணமாகச் சொல்லப்படுவது இந்த அத்தியாயம். அதன்பின் டினியின் நோரா இல்லாமல் மிஸ்டர் ஃப்ரீஸைப் பற்றி ஒருவரும் எழுதமுடியாமல் போயிற்று. 1997-இல் ஜோயல் ஷூமாக்கர் எடுத்த 'பேட்மேன் அண்ட் ராபின்' திரைப்படம் அதே மனைவியையும் அதே நோயையும் கடன் வாங்கிக்கொண்டு, அர்னால்ட் ஷ்வார்ஸ்நேக்கர் வாயில் குளிரைப் பற்றிய சிலேடைகளைத் திணித்தது. அன்சாரா அடக்கிவைத்ததையெல்லாம் ஒலிபெருக்கி வைத்து ஏலம் போட்டாற்போல் ஆயிற்று. 2012-இல் ஸ்காட் ஸ்னைடரும் ஜேம்ஸ் டைனியனும் எழுதிய காமிக்ஸில், நோரா அவனுக்கு மனைவியே அல்ல, அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே உறையவைக்கப்பட்ட யாரோ ஒருத்தி, தாம்பத்தியம் முழுவதும் அவன் சித்தப்பிரமை என்று கதை மாற்றப்பட்டது. பழைய ரசிகர்களில் பலர் கொதித்துப்போனார்கள். தங்கள் சிறுவயதுக் கண்ணீரை யாரோ பொய்யென்று சொல்லிவிட்டதுபோல் அவர்களுக்கு இருந்தது.

பிற்பாடு வந்தவர்கள் அவளை அவனுக்கு மீண்டும் மனைவியாக்கிக் கொடுத்தார்கள். 2019-இல் வெளிவந்த ஒரு காமிக்ஸ் கதையில் நோரா கண் விழிக்கிறாள். தானும் குளிர்க்கவசம் பூண்டு, கணவன் கூடவே குற்றத்தில் இறங்குகிறாள். அந்த வாழ்க்கை அவளுக்குப் பிடித்தும் போகிறது. பிறகு, தனக்காக இத்தனை காலம் தவம் கிடந்தவனை விட்டுவிட்டு, தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறாள்.