டெட் சென்டரும் தையல் மெஷினும்

"தைக்கிறது பொம்பளை வேலைடா" என்று ஹாஸ்டலில் என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. அப்படியா நண்பர்களே? ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் பேண்ட் தைக்கக் கொடுத்துப் பாருங்கள், மெஷினில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஆண்தான். காசுக்குத் தைத்தால் ஆம்பளை வேலை, வீட்டில் ஆசைக்குத் தைத்தால் பொம்பளை வேலையா? இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை.

எங்க மாமா ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை செய்கிறார். லீவு நாளில் அவருக்குப் பழைய கறுப்புத் தையல் மெஷின்தான் பொழுதுபோக்கு. காயலான் கடைக்கு எடைக்கு வந்ததை வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு ஓட வைப்பார். அப்புறம் தலையணை உறை, மார்க்கெட் பை என்று ஏதாவது தைப்பார். நானும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு இதைவிட நல்ல லேப் கிடையாது!

மிதியை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் போடுகிறார்களே ஃபோர் பார் மெக்கானிசம், அது முழுசாக இங்கே இருக்கிறது. மிதிப்பலகை ராக்கர், நிற்கும் கம்பி கனெக்டிங் ராடு, பெரிய சக்கரத்தில் கிராங்க். கிராங்கும் கம்பியும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நகராது. அதுதான் டெட் சென்டர். அதனால்தான் டெய்லர் மேலே இருக்கும் கைச்சக்கரத்தை முதலில் தன் பக்கம் ஒரு தள்ளு தள்ளுகிறார். ஓட ஆரம்பித்துவிட்டால் சக்கரத்தின் கனமே அந்த இடத்தைத் தாண்ட வைத்துவிடும். ஃப்ளைவீல் எதற்கு என்று எனக்குக் காலில்தான் புரிந்தது.

தையல் விழுவது அதைவிட அழகு. கைஊசிக்குக் காது மேலே, மெஷின் ஊசிக்குக் கீழே, முனைக்குப் பக்கத்தில். ஊசி அடிவரை இறங்கி 2 மி.மீ. போல மேலே எழும்பும்போது நூல் சின்ன வளையமாகப் பிதுங்கும். சரியாக அந்த நொடியில் ஷட்டிலின் கொக்கி அதைப் பிடித்து பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும். மேல் நூலும் கீழ் நூலும் துணிக்கு நடுவில் பூட்டிக்கொள்ளும். டைமிங் கொஞ்சம் தப்பினாலும் தையல் விட்டு விட்டு விழும். இந்த லாக் ஸ்டிட்ச் மெஷினுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் பேட்டன்ட் வாங்கியது 1846-ல். சிங்கர் வாங்கியது 1851-ல். கார் சீட் உறை தைக்கும் மோட்டார் மெஷினிலும் இதே தத்துவம்தான்.

மெஷினுக்கு ஜாதகமும் உண்டு! சிங்கரின் அடித்தட்டில் ஒரு நம்பர் இருக்கும். முன்னால் Y என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் பிறந்தது. 1980-ல் அந்தத் தொழிற்சாலை மூடிவிட்டது, மெஷின் ஓடுகிறது.

இயந்திரங்கள் மேல் சந்தேகம் கொண்ட காந்தியடிகளே 1924-ல், ராமச்சந்திரன் என்ற மாணவர் கேட்டபோது, சிங்கர் மெஷினுக்கு விதிவிலக்கு தந்தார். அந்த மாணவர்தான் 1947-ல் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

உங்க வீட்டுப் பரணில் இப்படி ஒன்று கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நம் ஊர்க் கறுப்பு மெஷின்கள் பல சிங்கர் 15 மாடலை ஒட்டி வந்தவை. பாபினும் ஊசியும் இன்றும் கடையில் கிடைக்கும். கைச்சக்கரம் இறுகியிருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காய்ந்துபோன எண்ணெய்தான். துளைகளில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி அப்படியே வைத்து, காலையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.